வயிற்றிலே கட்டிய நெருப்பு

(பட்டிமன்றத் தலைப்பு: புதிய பொருள் ஒன்றைச் செய்து, சோதித்து, மக்கள் கையில் கொடுப்பவருக்கு மிஞ்சி நிற்பது மகிழ்ச்சியே! பயமே! — 'பயமே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னாலே பேசின சகோதரி ரொம்ப அழகாச் சொன்னாங்க. "புதுப் பொருள் வெளியாகிற நாள், வீட்டிலே குழந்தை பிறக்கிற நாள் மாதிரி. ஒரே சர்க்கரை, ஒரே சந்தோஷம்" என்றார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். நான் கேட்கிறேன், நடுவர் அவர்களே, சர்க்கரை கொடுத்தது யாரு? மாமனும் சித்தப்பனும். ஆனால் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவிலே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டு, கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டு நின்றானே ஒருத்தன், அவன்கிட்டே போய், "எப்படி, சந்தோஷமா இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க. அடிப்பான்! (சிரிப்பு)

நடுவர்: உள்ளே இருக்கிற அம்மாவை நீங்க கேட்கவே இல்லையே! (பலத்த சிரிப்பு)

அங்கேதான் வர்றேன் ஐயா. ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். என்னைப் பெற்ற அம்மா.

எனக்குச் சொந்த ஊர் செங்கல்பட்டு. கொளவாய் ஏரிக் காற்று வருகிற தெரு. அப்பாவுக்கு வேலை போன வருஷம் அது. நான் பத்தாவது படிக்கிறேன். அம்மா ஒரு முடிவு எடுத்தாங்க. தோடு அடகுக் கடைக்குப் போச்சு. உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய், எள்ளு, பெருங்காயம் எல்லாம் வீட்டுக்கு வந்துச்சு. இட்லிப் பொடி! எங்க வீட்டுப் 'புதிய தயாரிப்பு' அதுதான். (சிரிப்பு) ஒரு மாசம் தெருவிலே ஒரு வீடு பாக்கி இல்லை. காரம் சரியா, உப்பு சரியான்னு எல்லாருக்கும் இனாமாக் கொடுத்து இனாமாவே அபிப்பிராயம் வாங்கினாங்க. கடைசியிலே ஒரு மளிகைக் கடைக்காரர், "50 பொட்டலம் கொண்டாம்மா, வெச்சுப் பார்ப்போம்" என்றார். வீடே கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு. பாவாடை நாடா கட்டுகிற மாதிரி என் தங்கச்சி ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நூல் கட்டினா.

விடிஞ்சாக் கடைக்குப் போகணும். ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்தாங்க. ஒரு பொட்டலத்தைப் பிரிச்சாங்க. மோந்து பார்த்தாங்க. இன்னொண்ணு பிரிச்சாங்க. முகம் மாறிப் போச்சு. லேசா ஒரு சிக்கு வாடை. எள்ளு பழசு. அப்பா வாங்கி மோந்து பார்த்துட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லெண்ணெய் ஊத்திக் குழைச்சா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

அம்மா அப்போ சொன்னது இன்னும் என் காதிலே இருக்கு. "தெரிஞ்சவங்களைப் பத்தி எனக்குப் பயமில்லைங்க. அவங்க திருப்பிக் கொடுத்துடுவாங்க. தெரியாதவங்களை நெனைச்சாத்தான் பயமா இருக்கு. அவங்க குழந்தைக்கு ஊட்டிடுவாங்க."

50 பொட்டலமும் குப்பைக்குப் போச்சு. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, புதுப் பொருள் செய்கிறவனுக்குப் பயம் இரண்டு வகை. 'விக்குமா, விக்காதா' என்பது ஒரு பயம். அது கல்லாப்பெட்டிப் பயம். 'வாங்கினவனுக்கு ஒண்ணும் ஆகிவிடக் கூடாதே' என்பது இன்னொரு பயம். வயிற்றிலே நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது என்கிறோமே, அது இந்த இரண்டாவது பயம். நான் வாதாடுவது அதற்காகத்தான்.

இந்தப் பயம் எங்க மண்ணுக்குப் புதுசில்லை. செங்கல்பட்டிலே பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாப் போனா மாமல்லபுரம். ஐந்து ரதங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரதத்துக்கு முன்னாலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்; ரதத்தைப் பார்த்தோமா? (சிரிப்பு) ஏழாம் நூற்றாண்டிலே பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கியது. திரௌபதி ரதத்துக்குக் குடிசைக் கூரை. பீம ரதத்துக்கு வண்டிக்கூண்டு மாதிரிக் கூரை. நகுல சகாதேவ ரதத்துக்கு யானை முதுகு மாதிரி, தூங்கானை மாடம். தர்மராஜ ரதம் அடுக்கடுக்கா எழும்புது. ஒரே இடத்திலே இத்தனை வகை எதுக்கு? இவை கட்டடக் கலைக்கு மாதிரிகள் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். பல இடங்களிலே வேலை பாதியிலே நிற்குது. மேலேயிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தர்மராஜ ரதத்திலே உச்சி முடிஞ்சிருக்கு, அடித்தளம் முடியவில்லை.

பாறையிலே உளி ஒரு நூல் தப்பினா, மறுபடி ஒட்ட வைக்க முடியுமா ஐயா? அந்தச் சிற்பிக்குக் கை நடுங்கியிருக்காது, நெஞ்சு நடுங்கியிருக்கும். அப்படிப் பழகின கை, பிறகு ராஜசிம்மன் காலத்திலே கல்மேல் கல் அடுக்கிக் கட்டினதுதான் கடற்கரைக் கோயில். 1,300 வருஷமா உப்புக் காற்றிலே நிற்குது. (கைதட்டல்)

அதே கடற்கரையிலே இன்னும் கொஞ்சம் தெற்கே போங்க. கல்பாக்கம். அங்கே ஒரு அணு உலை. அதற்கு வைத்த பெயரிலேயே பயம் இருக்கு: 'வேக ஈனுலை — சோதனை உலை'. ஈனுலை என்றால் என்ன? உலையிலே அரிசி போட்டுப் பொங்கிச் சாப்பிட்டு முடிச்ச பிறகு, போட்ட அரிசிக்கு மேலே புது அரிசி பானையிலே இருந்தா எப்படி இருக்கும்? எரிபொருளை எரித்துக்கொண்டே, எரித்ததற்கும் மேலே புது எரிபொருளை உண்டாக்குகிற வித்தை அது.

நடுவர்: அந்தப் பானை எங்கே விக்குதுன்னு என் வீட்டிலே கேட்பாங்க! (சிரிப்பு)

விலை கட்டுப்படியாகாது ஐயா! ஏன்னா, அந்த உலையிலே சூட்டைக் கடத்திக்கிட்டுப் போறது தண்ணி இல்லை. உருக்கின சோடியம். காற்றுப் பட்டாத் தீப்பிடிக்கும். தண்ணி பட்டா வெடிக்கும். அந்தச் சோடியம் ஒரு பக்கம் ஓட, அதன் சூட்டிலே நீராவியாகிற தண்ணி மறுபக்கம் ஓட, நடுவிலே ஒரு எஃகுக் குழாயின் சுவர்தான் வேலி. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டிலே, நடுவிலே ஒரு தட்டி! (பலத்த சிரிப்பு) தண்ணியா இருந்தா உள்ளே என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். சோடியம் உலோகம். உள்ளே ஒண்ணும் தெரியாது.

சரி, எரிபொருளுக்கு என்ன பண்ணினாங்க? 1969-ல் பிரான்ஸ் நாட்டோடு ஒப்பந்தம். அவர்களுடைய ராப்சோடி உலையை மாதிரியா வெச்சுக் கட்ட ஆரம்பித்தார்கள். 1974-ல் பொக்ரானிலே நாம் அணுகுண்டுச் சோதனை செய்தோம். அதற்குப் பிறகு செறிவூட்டிய யுரேனியம் அங்கிருந்து வரவில்லை. அடுப்பு கட்டியாச்சு, விறகு இல்லை! டிராம்பேயிலே, பாபா அணு ஆராய்ச்சி மையத்திலே நம்ம ஆட்களே புது விறகு செஞ்சாங்க. புளுட்டோனியம், யுரேனியம் இரண்டின் கார்பைடு கலவை. அந்தக் கலவையையே முழு எரிபொருளா வெச்சு ஓட்டின உலை அதுவரைக்கும் உலகத்திலே கிடையாது. அதாவது, யாரைப் போய் "உங்க ஊர்லே எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்க முடியும்? கேட்க ஆளே இல்லை.

1985, அக்டோபர் 18. அந்த உலையிலே முதல் முறையாத் தொடர்வினை தொடங்கியது. "அன்றைக்குச் சந்தோஷம் இல்லையா?"ன்னு எதிரணி கேட்பாங்க. சந்தோஷம்தான். ஆனா மறுநாளிலிருந்து என்ன செய்தார்கள் தெரியுமா? 40 மெகாவாட் வெப்பத்துக்குத் திட்டம் போட்ட உலை அது. சின்ன மையத்தை வெச்சு, அதிலே ஏறக்குறைய கால் பங்குக்குத்தான் ஆரம்பிச்சாங்க. எரிபொருளை எவ்வளவு தூரம் எரிக்கலாம்? முதல்லே ஒரு டன்னுக்கு 25,000 மெகாவாட் நாள். அதோடு நிறுத்தி, எரிபொருளிலே ஒரு பகுதியை வெளியே எடுத்து, கனமான தடுப்புச் சுவருக்குப் பின்னாலே இயந்திரக் கைகளாலே பிரிச்சுப் பார்த்தாங்க. நல்லா இருக்கா? சரி, 50,000. மறுபடி பிரிச்சுப் பார். அப்புறம் 1,00,000. மறுபடி. அப்புறம் 1,55,000.

நடுவர் அவர்களே, எங்க அம்மா ராத்திரி பதினோரு மணிக்குப் பொட்டலத்தைப் பிரிச்சு மோந்து பார்த்தாங்களே, அதே வேலைதான் இது. (கைதட்டல்)

நடுவிலே இடறவும் செய்தது. 1987-ல் எரிபொருளை இடம் மாற்றும்போது உள்ளே ஒரு பாகம் வளைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சோடியத்துக்குள்ளே வளைந்ததைச் சரி செய்து மறுபடி ஓட்ட ஏறக்குறைய இரண்டு வருஷம். 1997-ல் கொஞ்சமா மின்சாரம் கொடுக்க ஆரம்பிச்சுது. 40 மெகாவாட் என்கிற முழு அளவை என்றைக்குத் தொட்டது? 2022, மார்ச் 7. முப்பத்தாறு வருஷத்துக்கும் மேலே! ஆரம்பிச்ச அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்த இளைஞர், முழு அளவு வருகிற அன்றைக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

அதற்குப் பக்கத்திலேயே 500 மெகாவாட் பெரிய ஈனுலை. 2004-ல் வேலை ஆரம்பிச்சுது. அதே வருஷம் டிசம்பர் 26, சுனாமி. அஸ்திவாரக் குழி முழுக்கக் கடல் தண்ணி. கல்பாக்கம் குடியிருப்பிலே உயிர்களே போயின. 2010-ல் முடியும் என்றார்கள். உலை மையத்தை நிரப்புகிற வேலை தொடங்கியது 2024, மார்ச் 4-ல். தாமதம் தாமதம் என்று பத்திரிகைகள் திட்டின. எல்லாத் தாமதத்துக்கும் காரணம் ஜாக்கிரதைதான் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தாமதத்துக்கும் விலை உண்டு, அது நம்ம வரிப்பணம். ஆனால் சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் பிள்ளை குட்டியோடு தூங்குகிற ஜனங்கள் இருக்கிறார்களே, சோடியம் என்றால் என்ன என்றே தெரியாதவர்கள், அவர்களுக்காகவும் சேர்த்து யாராவது பயப்பட வேண்டுமா, வேண்டாமா? (கைதட்டல்)

இன்னும் ஒன்று சொல்கிறேன். இதைக் கேட்டால் எதிரணி நண்பர்களே நம்ம பக்கம் வந்துவிடுவார்கள்.

காசநோய்க்கு பி.சி.ஜி. தடுப்பூசி. தோளிலே தழும்பு இருக்கே, அதுதான். உலகம் முழுக்கப் பிரபலமான மருந்து. இந்தியாவிலே ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே, "இது நம்ம ஜனங்களுக்கு நிஜமாகவே வேலை செய்யுதா?" என்று பார்க்கத் துணிந்தார்கள். 1968-ல் ஆரம்பித்த அந்தப் பெரிய சோதனை நடந்தது எங்க செங்கல்பட்டு மாவட்டத்திலே. அப்போது இன்றைய திருவள்ளூர்ப் பக்கமும் எங்க மாவட்டத்திலே சேர்த்தி. 2,80,000 பேருக்கு மேலே ஊசி. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு வருஷக்கணக்காக வீடு வீடாகப் போய்ச் சளி எடுத்துப் பார்த்தார்கள்.

முடிவு என்ன? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. யாருக்கும் பிடிக்காத முடிவு. மறைத்தார்களா? 1979-ல் உலகத்துக்கே சொன்னார்கள். 15 வருஷம் தொடர்ந்து பார்த்து முழு அறிக்கையும் 1999-ல் வந்தது. சின்னக் குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து காப்பாற்றுகிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அந்த ஊசி போடுகிறோம். ஆனால், "ஊசி போட்டாச்சு, இனிமே இருமினாலும் பயமில்லை" என்று எந்தப் பெரியவரும் ஏமாந்துவிடக் கூடாது என்று எங்க மாவட்டம் உலகத்துக்குச் சொன்னது. சந்தோஷத்தை மட்டும் தேடியிருந்தால் அந்தச் சோதனையே நடந்திருக்காது, நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

மணி அடிக்கப் போறீங்கன்னு தெரியுது. முடிச்சுடறேன்.

குப்பையிலே கொட்டின பொடிக்குப் பிறகு, அம்மாவோட மூக்குத்தியும் அடகுக்குப் போச்சு. புது எள்ளு வந்தது. இரண்டு வாரம் கழிச்சு அதே கடையிலே 50 பொட்டலம் வெச்சாங்க. நாலே நாளிலே வித்துப் போச்சு. என் பரீட்சைக் கட்டணம் அந்தப் பணத்திலே கட்டினதுதான். நாங்க எல்லாரும் குதிச்சோம். அம்மா குதிக்கலை. கடை வாசலிலே போய் நின்னுக்கிட்டு, பொடி வாங்கிட்டுப் போனவங்க மறுபடி வந்தா கேட்பாங்க. "நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்க மாட்டாங்க. "வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையே?"ன்னு கேட்பாங்க.

புதுப் பொருள் செய்கிற எல்லோருக்கும் அந்த ஒரு கேள்வி இருக்கட்டும். இட்லிப் பொடி செய்தாலும் சரி, அணு உலை கட்டினாலும் சரி. செய்தவன் வயிற்றிலே நெருப்பு இருந்தால்தான் வாங்கினவன் வயிறு குளிரும். ஆகவே மிஞ்சி நிற்பது பயமே, மிஞ்சி நிற்க வேண்டியதும் பயமே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு, அமர்கிறேன்.