ஒடுங்கிய அறையில் துணி மினுக்கும் இடம்

பருத்தித்துறை என்னும் பெயரிலேயே பருத்தி இருக்கின்றது. பருத்தி ஏற்றிய துறையாதலின் அப்பெயர் பெற்றது என்பர். போர்த்துக்கேயர் கரையிலுள்ள பாறைகளைக் கண்டு தம் மொழியில் பாறைமுனை என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அதன் திரிபேயாகும். பெயருக்கு ஏற்ப, கோவிலுக்குச் செல்வோர் உடுக்கும் வேட்டி சால்வையும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையும் அவ்வூரில் நாள்தோறும் மினுக்கப்பட வேண்டியவையாய் உள்ளன. மினுக்குவதற்கு வீட்டில் இடம் எங்கே என்பதுதான் கேள்வி.

பழைய நாற்சார் வீடுகளை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். நெல் வைக்க இடம் உண்டு; பெட்டகம் வைக்க இடம் உண்டு; துவைக்கக் கிணற்றடி உண்டு. துணி மினுக்க மட்டும் இடம் இல்லை. அவ்வேலை வீட்டுக்கு வெளியே, சலவைத் தொழிலாளர் கையால் நடந்தமையே காரணம். ஒரு சமூகத்தார்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட ஊழியம் அது. அது தளர்ந்தது நன்றே. ஆயினும், வேலை வீட்டினுள் வந்தபோது அதற்குரிய இடம் உடன் வரவில்லை. பெரும்பாலும் வீட்டுப் பெண்களே அதனை ஏற்றனர். நிலத்திற் பாய் விரித்து, முதுகு வளைந்து, விடியுமுன் மினுக்கினர்.

இக்கால வீடுகளோ இன்னும் சிறியன. இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி அளவின. அத்தகைய வீட்டில் துணிக்கென ஒதுங்குவது குசினிக்கு அடுத்த ஒரு மூலையே. அம்மூலையில் நிலையான மேசை ஒன்றை இட்டால் ஆள் நிற்க இடமிராது.

இதற்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடத்தைக் கண்டோர் பலர். வீதிக்கு மேலே கூரை, இருபுறமும் திண்ணை, வழிப்போக்கர் இளைப்பாறுவர், வீதியும் தன்பாட்டிற் செல்லும். ஓரிடம் இரு பணிக்கு உதவுகின்றது. மினுக்கும் பலகையும் அவ்வாறே அமையலாம். ஏறத்தாழ நான்கு அடி நீளமும் ஓரடிக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட பலகையைச் சுவரிற் பிணைச்சல் இட்டுப் பொருத்தி, வேண்டும்போது இறக்கி, வேலை முடிந்தபின் சுவரோடு சுவராக மடித்துவிடலாம். மடித்த நிலையில் அது சுவரிலிருந்து நாலு விரற்கடை கூட வெளியே நீளாது. கதவு திறக்கும் திசையில் மட்டும் அதனை இறக்கலாகாது.

சுவரின் தன்மையையும் பார்க்கவேண்டும். பழைய சுண்ணக்கல் சுவர் ஆணியைப் பற்றிக்கொள்ளும். உட்குழிவான சீமெந்துக் கல்லோ பற்றாது. அங்கே முதலில் ஒரு மரச்சட்டத்தைப் பல இடங்களில் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் பிணைச்சலைப் பொருத்துவதே தக்கது. பலகைக்குக் கீழே சாய்வான தாங்குகால் ஒன்று அவசியம். பனைமரம் உறுதியானது எனினும் பாரம் மிக்கது. மடித்துத் தூக்கும் பலகைக்கு அது பொருந்தாது. உயரத்தை அளக்கக் கோல் வேண்டா. மினுக்குபவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்தால், அதற்கு ஒரு சாண் கீழே பலகை இருத்தல் போதும். வீட்டில் உயரமானவர் மினுக்க, பலகையைக் குள்ளமானவருக்காக அமைப்பதும் உண்டு! யார் மினுக்குகின்றாரோ அவரையே அளக்கவேண்டும்.

ஒடுங்கிய பலகையைப் பற்றிச் சிந்தித்தவர்களுள் அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த சாரா பூன் என்னும் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் உடை தைத்து வாழ்ந்த அவர், 1892ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், சட்டைக் கைகளின் வளைவுக்கு ஏற்ற ஒடுக்கமான பலகைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் விற்கும் மடிப்புப் பலகைகளின் ஒடுங்கிய முனையை நோக்குக. அதே எண்ணம் அங்கே தெரியும்.

பலகை வாங்கவோ செய்யவோ இயலாதோர் சாப்பாட்டு மேசைமீது பழைய கம்பளியை இரண்டாக மடித்து, அதன்மேல் வெளுத்த பருத்தித் துணியை விரித்துக்கொள்ளலாம். ரப்பர் பஞ்சு மட்டும் கூடாது. அது சூட்டில் உருகும்.

இடத்தினும் பெரிது உயிர். துணி துவைக்கும் மூலை ஈரமானது. சீமெந்து நிலத்தில் வெறுங்காலுடன் நின்று மின்னழுத்தியைப் பிடிப்பது ஆபத்தானது. 1000 வாற்று அழுத்தி 230 வோல்ற்றில் 4 அம்பியருக்குச் சற்று மேலான மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்கென இட்ட மெல்லிய கம்பியிலிருந்து அதனை எடுப்பதும், மூன்று முனைச் செருகியின் நிலத்தொடுப்பு முனையை வெட்டிவிட்டுச் செருகுவதும் தீங்கை வலிந்து அழைப்பனவாகும். கசிவைக் கண்டவுடன் மின்னைத் துண்டிக்கும் ஆளி வீட்டில் இருப்பது நன்று. காலடியில் உலர்ந்த மரப்பலகையோ தடித்த பாயோ இருக்கட்டும். வேலை முடிந்ததும் சூடாறாத அழுத்தியை அலுமாரிக்குள் வைப்போரும் உளர். அரைமணி நேரம் வெளியே, கல் ஓடு ஒன்றின்மேல் அது நிற்கட்டும்.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அவ்வாண்டுகளில் பழைய கரிப்பெட்டிகள் பரணிலிருந்து இறங்கின. சிரட்டைக்கரி அவற்றுக்கு உணவாயிற்று. இன்றும் சில வீடுகளில் அப்பெட்டி இருக்கின்றது. மின்வெட்டு நாளில் உதவவும் செய்கின்றது. ஆயின் அதற்குரிய இடம் சிறிய அறை அன்று, விறாந்தையே. எரியும் கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் அது ஆளை மயக்கிக் கொல்ல வல்லது. முற்றத்தில் தணலாக்கி, புகை அடங்கியபின் பெட்டியில் இட்டாலும், கதவடைத்த அறைக்குள் அதனைக் கொண்டுசெல்லலாகாது.

மாரிகாலத்தில் மற்றொரு பிழை நேர்கின்றது. துணி காயவில்லையே என்று நனைந்த சட்டையை அழுத்தியாலேயே உலர்த்த முனைவர். 100 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 226 கிலோயூல் வெப்பம் வேண்டும். 1000 வாற்று அழுத்திக்கு, ஒரு சிறிதும் வீணாகாவிடினும், அது நான்கு நிமிட வேலை. ஐந்து சட்டைக்கு இருபது நிமிடம் வெறும் நீருக்கே செலவாகிவிடும். ஆவி முழுதும் அச்சிறிய அறையில் நிறைந்து சுவரிற் பூஞ்சணம் பிடிக்கும். விறாந்தையிற் கட்டிய கொடியில் முக்கால் பங்கு உலரவிட்டு, இலேசான ஈரம் இருக்கையில் மினுக்குவதே முறை. அந்தச் சிறிது ஈரம் பயனுடையது. நீர் பருத்தி இழைகளின் பிணைப்பைத் தளர்த்துகின்றது. சூடும் பாரமும் அவற்றைச் சீராக்குகின்றன. ஆறும்போது அவை அந்நிலையில் உறுதியாகின்றன.

ஆதலால் மினுக்கிய உடனே மடித்து அடுக்கினால் புதிய கசங்கல் விழும். சூடாறும்வரை தொங்கவிடக் கதவின் பின்புறம் கொளுக்கி ஒன்று போதும். ஞாயிறு மாலையில் வாரம் முழுமைக்கும் உரிய ஐந்து வெள்ளைச் சட்டைகளை மினுக்குவோர் அக்கொளுக்கிக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தையும் தொங்கவிடும் சங்கிலி ஒன்றைக் கட்டிக்கொண்டால், திங்கட்கிழமை விடியற்காலையில் பலகையை இறக்க வேண்டிய தேவையே இராது.