கணிப்பொறி பழுதுபார்க்கும் தொழில்



கணிப்பொறித் துறை பொறியியற் பட்டதாரிகளுக்கே உரியதென்று நம் பிள்ளைகள் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். பத்தாம் வகுப்புத் தேறியவர், அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் கணிப்பொறி வன்பொருள், வலைப்பின்னல் பராமரிப்புப் பிரிவில் ஓராண்டு பயின்று இத்தொழிலில் நுழையலாம். தனியார் நிலையமாயின், கட்டணத்தைக் கேட்குமுன், கழற்றிப் பழகப் பொறிகள் எத்தனை உள்ளன என்று கேளுங்கள்!

மின்னிணைப்பைத் துண்டித்து, உலோகக் கூட்டைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிய பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும். திரை ஒளிராத பொறி, நினைவகப் பலகையைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினாலே பல வேளை உயிர் பெறும். இவை விரைவில் கைவரும். ஆங்கிலப் பிழைச்செய்தியைப் படித்தறிவதும், செய்த வேலையைத் தம் பெயரால் பதிவேட்டில் எழுதுவதுமே அரியவை. எழுதாதவரை அலுவலகம் பெட்டி சுமக்கும் ஆளாகவே நடத்தும். அவர் கைத்திறனுக்குரிய பதவி உயர்வு பிறர்க்குப் போகும். நம் சங்க அலுவலகத்தில் இயங்காதிருக்கும் பழைய பொறியை இன்று மாலையே திறந்து பாருங்கள். பதிவேடு ஒன்றையும் உடன் கொண்டு வாருங்கள்.