சண்டை வேறு, பயம் வேறு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி எவ்வளவோ பேசிவிட்டோம். இன்றைக்கு வீட்டுக்குள்ளே நடக்கிறதைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். "புருசன் பொண்டாட்டி விஷயத்துல நமக்கென்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவள்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் பார்த்துவந்த ஒரு குழுவில் ஒரு அக்கா மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து வரவில்லை. வழக்கம்போல அபராதம் போட்டார்கள். தீர்மான நோட்டில் நானும் கையெழுத்துப் போட்டேன். நாலாவது கூட்டத்துக்கு வந்தார். அபராதத்தைக் கட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் கையை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகுதான் தெரிந்தது. ஆடு வாங்க எடுத்த கடன் பணத்தை வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார். கேட்டதற்கு அடி. காயம் ஆறும்வரை வெளியே வரவில்லை. அடிபட்டவருக்கு அபராதம் போட்டவர்கள் நாங்கள்! அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

சண்டை இல்லாத வீடு எது? எல்லா வீட்டிலும் உண்டு. அப்படியானால் எது சாதாரணச் சண்டை, எது கொடுமை? நம்ம கணக்கு நோட்டை நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் ஒரு வாரம் சந்தா கட்டவில்லை என்றால் கவலைப்பட மாட்டோம். ஆறு மாதமாக அதே கதை என்றால் ஏதோ தப்பு இருக்கிறது என்று பார்ப்போம். உறவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள், திரும்பத் திரும்ப என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நல்ல உறவில் கோபம் வந்தாலும் பயமில்லாமல் பதில் சொல்லலாம். தப்பு செய்தவர் ஒத்துக்கொள்வார், அடுத்த முறை திருத்திக்கொள்வார். நீங்கள் "முடியாது" என்றால் அதற்கும் மதிப்பு இருக்கும். உங்கள் கூலிப் பணத்தை எப்படிச் செலவு செய்வது என்பதில் உங்களுக்கும் பேச்சு உண்டு.

தீங்கான உறவில் அவர் வரும் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும். அம்மா வீட்டுக்குப் போகக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது, போனைக் காட்டு என்பார். பிள்ளைகள் எதிரிலேயே கேவலமாகப் பேசுவார். அடிப்பார், மறுநாள் பூவும் பலகாரமும் வாங்கி வந்து மன்னிப்புக் கேட்பார், கொஞ்ச நாள் கழித்து மறுபடி அடிப்பார். சந்தேகப்படுவதைப் பாசம் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

"குடிச்சாத்தான் அடிக்கிறார், மத்தபடி தங்கம்" என்று பலர் சொல்வீர்கள். குடித்துவிட்டு அவர் தன் முதலாளியை அடிக்கிறாரா? கேட்க ஆளில்லாத இடத்தில்தான் கை நீளுகிறது.

நம்மையும் பார்த்துக்கொள்வோம். மருமகளின் போனை வாங்கி வைப்பது, சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்ப்பது, தாய்வீட்டைக் குத்திப் பேசுவது இதெல்லாம் நம் வீட்டில் நடந்தால் அதுவும் கொடுமைதான்.

அடி மட்டும்தான் கொடுமை என்று சட்டமும் சொல்லவில்லை. 2005-ம் வருட குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் கொடுமை, பாலியல் கொடுமை, வார்த்தையாலும் மனதாலும் செய்யும் கொடுமை, பணக் கொடுமை நான்குமே அதில் அடங்கும். புருசன் வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும், நினைத்தபடி உங்களை வெளியே தள்ள முடியாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவ உதவியும் தற்காலிகமாகத் தங்க இடமும் கிடைக்கும். வழக்கு நடத்தப் பணமில்லையே என்று பயப்பட வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கு வக்கீல் இலவசம், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

ஒரு உறுப்பினருக்கு இப்படி நடப்பதாகத் தெரிந்தால் கும்பலாகப் போய் அவர் வீட்டு வாசலில் சத்தம் போடாதீர்கள். நாம் திரும்பி வந்த பிறகு அடி வாங்கப்போவது அவர்தான். நம்பிக்கையான ஒருவர் தனியாகப் பேசுங்கள். "நீ என்ன பண்ணே?" என்று கேட்காதீர்கள். "உனக்கு என்ன உதவி வேணும்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை ஊரில் பரப்பாதீர்கள். போவதா இருப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் ஒரு தீர்மானம் எழுதுங்கள். இரண்டு கூட்டம் வராதவருக்கு அபராதம் எழுதும் முன், ஒரு உறுப்பினர் அவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து வர வேண்டும். அன்றைக்கு நாங்கள் செய்யத் தவறியது அதுதான்.