பிஞ்சு உள்ளங்களும் மார்க்கப் பாடவேளையும்



புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்பின் பெற்றோர்களே! இளைஞர்களே! யுவதிகளே!

களனி கங்கை கடலோடு கலக்கும் எமது மட்டக்குளியில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் வாய்ப்பை அல்லாஹ் எனக்குத் தந்தான். அரபுக் கல்லூரியில் ஏழாண்டுகள் ஓதி, கிதாபுகளைச் சுமந்துகொண்டு வெளியேறிய நான், ஆறு வயதுப் பிள்ளைகள் முன் நின்றபோதுதான் எனக்குத் தெரியாதவை எத்தனை என்பதை உணர்ந்தேன். அந்த வகுப்பறை எனக்குக் கற்றுத் தந்த சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எமது நாட்டில் ஒவ்வொரு மாணவரும் தத்தமது மார்க்கத்தைப் பாடசாலையிலேயே பயிலும் ஏற்பாடு உண்டு. முதலாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை அது கட்டாய பாடமாகும். இது எளிதில் கிடைத்த பாக்கியம் என்று எண்ணிவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்தன. பிள்ளைகளின் ஈமான் பறிபோய்விடும் என அஞ்சிய எமது முன்னோர் அவர்களைப் பாடசாலைக்கு அனுப்பாமலேயே இருந்தனர். சமுதாயம் கல்வியில் பின்தங்கியது. அந்நிலை கண்டு வருந்திய அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1882ஆம் ஆண்டு 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி எழுதினார். அவரும், வாப்பிச்சி மரைக்கார் அவர்களும், எகிப்திலிருந்து இங்கு நாடுகடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷா அவர்களும் கொண்ட முயற்சியின் பயனாக 1892இல் மருதானையில் உருவான கல்விக்கூடமே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் என்பதே அவர்களது கனவு. அந்தக் கனவின் பலனை அனுபவிக்கும் நாம் அதை எவ்வாறு பயன்படுத்துகின்றோம்?

அன்பர்களே! முதலில் எனது தவறு ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். மூன்றாம் தரத்தில் ஒரு சிறுவன். ஸூரத்துல் பாத்திஹாவை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் பாதியில் நின்றுவிடுவான். ஒருநாள் பொறுமையிழந்து அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விசாரித்தபோதுதான் அவனது உம்மா வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு சென்று சில வாரங்களே ஆகியிருந்தன என்பது தெரிந்தது. அவன் ஓதும்போது திருத்திக்கொடுத்த குரல் அந்த வீட்டில் இல்லை. நான் நிறுத்தியது மறதியுள்ள ஒரு மாணவனையல்ல. உம்மாவைத் தேடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை. அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்று அவனது கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அவன் வந்தான்.

அனஸ் (ரழி) அவர்கள் சிறுவயதிலேயே நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தவர். பத்தாண்டுகள் பணிசெய்தும் ஒருமுறையேனும் 'சீ' என்று தம்மைக் கடிந்ததில்லை என அவர் அறிவிக்கின்றார். ஸஹீஹுல் புஹாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் இந்த ஹதீஸை நான் பலமுறை ஓதியிருக்கின்றேன். அதன் பொருளை அந்தச் சிறுவனின் வீட்டு வாசலில்தான் விளங்கிக்கொண்டேன்.

அல்குர்ஆன் காட்டும் ஆசிரியர்களுள் ஒருவர் லுக்மான் (அலை) அவர்கள். தமது மகனுக்கு உபதேசிக்கும்போது மூன்று இடங்களில் அவனைச் செல்லமாக விளிக்கின்றார். இணைவைக்காதே என்பதில் தொடங்கி, அல்லாஹ்வின் அறிவுக்கு எதுவும் தப்பாது என்று உணர்த்தி, தொழுகையையும் பொறுமையையும் ஏவி, மக்களிடம் முகம் திருப்பாமை, அடக்கமான நடை, தாழ்ந்த குரல் ஆகியவற்றோடு முடிக்கின்றார். இதைவிடச் சிறந்த பாடத்திட்டம் ஏது? அகீதாவும் இபாதத்தும் அஹ்லாக்கும் அதில் உண்டு. ஆனால் அவை அனைத்துக்கும் முன்னால் ஒரு தந்தையின் அன்பு நிற்கின்றது.

பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை நன்றாகப் பிடித்துக்கொள்கின்றனர். வுழூவின் பர்ளுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன், மனனமிட்டார்கள். பின்னர் குழாயடிக்குச் சென்று பார்த்தால் தண்ணீர் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் வுழூ செய்திருக்கின்றார்கள். அது ஒரு லீற்றர் போத்தல்கூட நிரம்பாத அளவு. அடுத்த பாடவேளைக்கு ஒரு போத்தலைக் கொண்டுசென்று, அவர்கள் முன்னிலையில் அந்த நீரைக்கொண்டே வுழூ செய்து காட்டினேன். போத்தலில் மிச்சமும் இருந்தது. அன்றிலிருந்து குழாயை மூடாமல் செல்பவனைப் பிள்ளைகளே திருத்துகின்றனர்.

கண்ணியத்துக்குரியவர்களே! 2019 ஏப்ரல் 21ஆம் திகதியை நாம் எவரும் மறக்க முடியாது. இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட சிலர் 250க்கும் மேற்பட்ட அப்பாவி உயிர்களைப் பறித்தனர். எமக்கு அருகிலேயே உள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும் இரத்தத்தில் நனைந்தது. பாடசாலை மீண்டும் தொடங்கிய நாட்களில், நான்காம் தரச் சிறுமி ஒருத்தி பாடவேளையில் எழுந்து கேட்டாள்: "சேர், எங்கட பக்கத்து வீட்டு அன்ரி சேர்ச்சில காயப்பட்டு ஆஸ்பத்திரியில இருக்கிறா. அவவுக்குச் சுகமாக நான் துஆக் கேட்கலாமா?"

வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் சொல்லும் பதில் அந்தப் பிள்ளைகளின் உள்ளத்தில் ஆயுள் முழுவதும் இருக்கும் என்பதை உணர்ந்தேன். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அவனது வீட்டுக்கே சென்று நலம் விசாரித்த வரலாற்றைச் சொன்னேன். அயலவர் எவரது தீங்கிலிருந்து அச்சமற்று வாழ முடியவில்லையோ அவர் உண்மையான முஃமினல்லர் என்ற நபிமொழியின் கருத்தை விளக்கினேன். "கேளுங்கள் மகள், நாம் எல்லோருமே கேட்போம்" என்றேன். முப்பது சின்னஞ்சிறு கைகள் உயர்ந்தன. அப்போது என் கண்கள் கலங்கியதை மறைக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கேள்வியை அவள் தன் ஆசிரியரிடம் கேட்டாள். கேட்பதற்கு ஓர் ஆசிரியர் இல்லாதிருந்தால் யாரிடம் கேட்டிருப்பாள்? எந்தக் கைபேசி அவளுக்கு என்ன பதிலைச் சொல்லியிருக்கும்? பெற்றோர்களே, இதைச் சற்றுச் சிந்தியுங்கள்.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை பிள்ளையை ஓதப்பள்ளியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் தரத்தில் விட்ட ஓதலைப் பலர் பிறகு தொடர்வதேயில்லை. டியூஷனுக்கு நேரம் ஒதுக்குவதுபோல் ஓதலுக்கும் ஒதுக்குங்கள்.

இரண்டு: பிள்ளை பாடசாலையில் இருப்பது ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள். எஞ்சிய பதினெட்டும் உங்கள் கையில். பொய் பேசக்கூடாது என்று நான் கற்பித்து அனுப்ப, "வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என நீங்கள் கூறினால் எனது பாடம் அந்த வாசலிலேயே முடிந்துவிடும்.

மூன்று: இஸ்லாம் பாடத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்பதோடு, இன்று என்ன கற்றாய், அதில் எதைச் செய்தாய் என்றும் கேளுங்கள்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. உம்மா தூரத்திலும் வாப்பா வேலையிலும் இருக்கும் வீடுகள் எமது தெருக்களில் பல. தம்பி தங்கையரோடு அத்தகைய அயல்வீட்டுப் பிள்ளையையும் அருகில் இருத்தி, மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் ஓதலைக் கேளுங்கள். அஹதிய்யாப் பாடசாலைகளுக்கும் உங்களைப் போன்றோரின் உதவி தேவை. அந்தச் சிறுவன் இன்று பாத்திஹாவைத் தடுமாற்றமின்றி ஓதுகின்றான். அவனுக்கு அதைச் சீராக்கிக் கொடுத்தது நானல்ல. மேல்மாடியில் வசிக்கும், உயர்தரம் கற்கும் ஒரு நானா.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளை எமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களுக்குக் கற்பிப்போரின் நாவில் இரக்கத்தையும், எமது வீடுகளில் நல்ல முன்மாதிரியையும், எமது அயலில் சமாதானத்தையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.