முழங்கால் காயமும் மீண்டும் களம் இறங்குதலும்

(ஊராட்சி ஒன்றிய விளையாட்டுக் குழுக்களின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேச வேண்டிய நாம் முழங்காலைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். மாலையில் பந்தை உதைக்கும் இளைஞன் அதே காலால்தான் காலையில் சேற்றில் இறங்குகிறான். மூட்டை சுமந்து வரப்பேறுகிறான். அந்தக் கால் பழுதுபட்டால் நட்டம் ஆட்டக் குழுவுக்கு மட்டுமன்று; குடும்பத்துக்கும் ஊருக்குமாகும்.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து நிறுத்துவன முக்கியமாக நான்கு நார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூட்டின் உள்ளே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வன இரண்டு. இவற்றையே மக்கள் ‘ஜவ்வு’ என்றும், மருத்துவர் ‘லிகமென்ட்’ என்றும் கூறுவர். கால்பந்தில் பெரிதும் அஞ்சத்தக்கது உள்ளிருக்கும் முன் குறுக்கு நார் அறுவதே. எதிராளி மோதினால்தான் அது அறும் என்பதில்லை. ஓடி வந்தவன் திடீரென நின்று திரும்பும்போதும், எம்பிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும், யாரும் தொடாமலே அறுவதுதான் மிகுதி. ‘டப்’ என்ற ஓசையும், சில மணி நேரத்துக்குள் தோன்றும் வீக்கமும், கால் நிலைகொள்ளாமல் நழுவுவதும் அதன் அறிகுறிகள்.

அப்போது ஆட்டத்தை உடனே நிறுத்திவிட வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, அளவாகக் கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவுவதும், காலைப் பிடித்து இழுப்பதும், சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் தகாதன. எக்ஸ்-ரே எலும்பைக் காட்டுமேயன்றி நாரைக் காட்டாது. ஆதலால் “படத்தில் ஒன்றுமில்லை” என்று வீடு திரும்பிவிடலாகாது.

அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் வேண்டுவதன்று. 2010-ஆம் ஆண்டு வெளியான சுவீடன் நாட்டு ஆராய்ச்சியில், பயிற்சிச் சிகிச்சையைக் கொண்டு தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாண்டுகள் வரை அறுவையின்றியே இருந்தனர். எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எவ்வழியாயினும் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைத் தவிர்க்க இயலாது.

அறுவையில், பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே ஒரு நாணை எடுத்து, அறுந்த நாருக்குப் பதிலாகப் பொருத்துகிறார்கள். இதனை நாற்று நடவோடு ஒப்பிடலாம். நட்ட நாற்று முதலில் வாடி, வேர் பிடித்த பிறகே தழைக்கிறது. புதிய நாரும் முதற் சில மாதங்களில் வலுக் குன்றி, பின்னரே உறுதி பெறுகிறது. இளைஞனுக்கு வலி நீங்குவதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வலி நீங்கியது வேறு, மூட்டு தேறியது வேறு.

2016-இல் வெளியான நார்வே நாட்டு ஆராய்ச்சி ஒன்று, அறுவைக்குப் பின் 9 மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயம் நேரும் வீதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததெனக் கண்டது. மாதக் கணக்கு மட்டும் போதாது. வீக்கம் இருத்தலாகாது, கால் முழுமையாக நீள வேண்டும், தொடையின் வலுவும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் நல்ல காலின் அளவில் நூற்றுக்குத் 90 பங்காவது இருக்க வேண்டும். அதன் பின்னரும் முதலில் நேரோட்டம், அடுத்துத் திரும்பி ஓடுதல், பிறகு குழுவோடு பயிற்சி, இறுதியில் போட்டி என்ற வரிசையைக் கைக்கொள்ள வேண்டும்.

பிரேசில் வீரர் ரொனால்டோவுக்கு 1999 நவம்பரில் முழங்காற் சில்லின் கீழுள்ள நாண் காயமுற்று அறுவை நடந்தது. இது வேறு வகைக் காயமாயினும் பாடம் ஒன்றே. ஐந்து மாதம் நிறையுமுன், 2000 ஏப்ரலில் களமிறங்கிய அவர், சில நிமிடங்களில் அதே முழங்காலைப் பற்றிக்கொண்டு வீழ்ந்தார். பின்னர் நெடுநாள் பொறுத்துத் தேறி, 2002 உலகக் கோப்பையில் 8 கோல்கள் அடித்தார். ஸ்பெயின் நாட்டு வீராங்கனை அலெக்சியா புத்தேயாஸ் 2022 ஜூலையில் முன் குறுக்கு நார் அறுந்து, ஏறத்தாழப் பத்து மாதம் கழித்தே களம் திரும்பினார். 2023 ஆகஸ்டில் உலகக் கோப்பை வென்ற அணியில் அவரும் இருந்தார்.

இனி ஊராட்சி செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். ஆடுகளத்தின் கல்லையும் குழியையும் அகற்றிச் சமன் செய்யலாம். உலகக் கால்பந்துச் சம்மேளனம் வகுத்த ‘11 பிளஸ்’ என்னும் 20 நிமிட முன்பயிற்சியை ஒவ்வொரு குழுவும் மேற்கொள்ளச் செய்யலாம். ஓட்டம், தசை வலு, சமநிலை, முறையாகக் குதித்திறங்குதல் ஆகியவை அதில் அடங்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இக்காயம் ஆடவரைவிட மகளிர்க்கு அதிகம் நேர்வதால், பெண்கள் குழுக்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. திருவிழாப் போட்டி நெருங்கும்போது, தேறிவரும் இளைஞனிடம் “ஊர் மானத்துக்காக ஒரே ஆட்டம்” என்று வற்புறுத்துவோர் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரார் கேட்கையில் மறுக்கும் துணிவு இருபது வயதுப் பிள்ளைக்கு எளிதில் வாராது. அவனுக்காக மறுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பெரியோர்களாகிய நீங்களே. மருத்துவரின் இசைவின்றி, காயமுற்ற எவரையும் களத்தில் இறக்குவதில்லை என்று ஒவ்வொரு ஊராட்சியும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கோப்பை அடுத்த ஆண்டும் வரும். அதை வாங்க அந்த இளைஞனும் நல்ல காலோடு வரட்டும்.