தில்லை வனமும் திருத்தொண்டும்
(கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றோடு தலமரத்தையும் வைத்து வழிபடுவது சைவ மரபு. காஞ்சியில் மாவும், திருவானைக்காவில் வெண்ணாவலும், மதுரையில் கடம்பும் அவ்வாறு போற்றப்படுகின்றன. திருமறைக்காடு, திருவாலங்காடு, திருவெண்காடு என்னும் பெயர்களே இறைவன் காட்டை இடமாகக் கொண்டமையைக் காட்டும். தில்லையோ மரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தலம்.

ஆயினும் சிதம்பரத்தைச் சூழ்ந்திருந்த தில்லை வனம் இன்று அங்கு இல்லை. தில்லை மரத்தைக் காண விரும்புவோர் கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிக்குச் செல்லல் வேண்டும். வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட அவ்விடத்தில், சுரபுன்னை, வெண்கண்டல் முதலியவற்றோடு தில்லையும் வளர்கிறது. அம்பலவாணனுடைய மரம் அலையாத்திக் காட்டில் அடைக்கலம் புகுந்திருக்கிறது எனலாம்.

அக்காடும் ஒருகாலத்தில் அழிவின் எல்லையை அடைந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொடங்கிச் சுதந்திரத்திற்குப் பின்னும் நெடுநாள், பகுதி பகுதியாக மரங்களை முற்றும் வெட்டும் முறை அங்கு நடைபெற்றது. நிழல் நீங்கிய சேற்றுநிலம் வெயிலில் உலர்ந்து தாழ்ந்து, தொட்டி போலாயிற்று. உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கிற்று. நீர் ஆவியாக, உப்பு மிகுந்தது. விதை விழுந்தும் முளைக்கவில்லை.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், தமிழ்நாடு வனத்துறையினர், அயலூர் மக்கள் ஆகிய முத்திறத்தாரும் ஒன்றுகூடினர். மீன்முள் போன்று ஒரு பெருவாய்க்காலும் அதன் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டினர். ஓதம் ஏறியிறங்க உப்புக் குறைந்தது; நட்ட கன்று தழைத்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் பின்னிருந்த ஊர்கள் திறந்த கரையூர்களைப் போல அழியவில்லை. கடலிலிருந்த தொலைவும் நிலத்தின் உயரமும் துணை செய்தன என்பாரும் உளர். அதுவும் உண்மையே, எனினும் அடர்ந்த மரக்கூட்டம் அலையின் வேகத்தைத் தணித்தது என்பதை ஒதுக்குதற்கில்லை. 2022-இல் பிச்சாவரம் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இதற்கும் சைவத்திற்கும் என்ன தொடர்பு என வினவலாம். மரமும் ஓர் உயிர். வினைக்கு ஈடாகத் தாவர உடம்பு பெற்ற பசு. மணிவாசகப் பெருமான் சிவபுராணத்தில் தாம் கடந்து வந்த பிறவிகளைப் புல்லினின்றே எண்ணத் தொடங்குகிறார். நாமும் அவ்வழி வந்தவர் என்று உணர்ந்தவன் கை, கோடரியை எடுக்குமுன் சற்றுத் தயங்கும்.

தயங்கும் என்றமையால், மரத்தின் பயனை அறவே துறத்தல் வேண்டும் என்பது கருத்தன்று. உமாபதி சிவாசாரியார் அருளிய கோயிற்புராணம் வியாக்கிரபாத முனிவர் வரலாற்றைக் கூறுகிறது. வண்டு தீண்டாத மலரை வைகறையில் பறித்தற்பொருட்டு அவர் இறைவனிடம் புலிக்காலும் புலிக்கையும் வேண்டிப் பெற்றார். மரத்தைச் சாய்த்தால் மலர் எளிதிற் கிடைத்திருக்கும். அவர் மரத்தை மாற்றவில்லை, தம்மையே மாற்றிக்கொண்டார். பயன் கொள்வோன் முதலைக் கெடாமல் காத்தல் வேண்டும் என்னும் நெறி இதனுள் அடங்கியுள்ளது.

அந்நெறி வறியவரையும் தழுவியது. பிச்சாவரத்துக் கழிகளில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் உள்ளன. காட்டைக் காத்தல் என்னும் பெயரால் அவர்தம் உணவைப் பறித்தல் சிவபுண்ணியம் ஆகாது. அவர்களையும் அவையில் அமர்த்தி, எதனைக் கொள்வது, எங்கு மேய்ப்பது, எவ்விடத்தை ஆறவிடுவது என்று ஊரார் ஒருங்கே முடிவு செய்தலே முறை. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது அது. ஒரு கை இழுத்தால் தேர் நகராது.

இனி ஒன்று. வெட்டிய வாய்க்கால் தானே நிலைபெறாது. சேறு படிந்து தூரும். தூர்ந்தால் ஓதம் நிற்கும், உப்பு மீளும், காடு மறுபடியும் பட்டுப்போம். திருவாரூரில் கண்ணிழந்த தண்டியடிகள், தூர்ந்த திருக்குளத்தைக் கயிற்றைத் தடவிச் சென்று தம் கையாலேயே தோண்டினார். சேற்றைச் சுமந்த அத்தொண்டே அவரை அறுபத்துமூவருள் ஒருவராக்கிற்று. கோயிற்குளத்துச் சேற்றை அள்ளுதல் தொண்டாயின், தில்லை மரத்தின் வேரை நனைக்கும் வாய்க்காலின் சேற்றை அள்ளுதல் எவ்வாறு வேறாகும்?

பன்னீராண்டிற்கு ஒருமுறை திருக்கோயிலைப் புதுக்கிக் குடமுழுக்காட்டுகிறோம். ஒருகால் கட்டியது என்றும் நிற்கும் என்று பெரியோர் கருதவில்லை என்பதற்கு இவ்விழாவே சான்று. விமானத்திற்குப் பொன் ஈந்த பெருமக்கள், தங்கள் ஊர்த் தலமரத்தின் கன்றுகளை வளர்க்கவும், ஊர்க்காட்டின் வாய்க்காலைத் தூர்வாரும் தொழிலாளர்க்குக் கூலி வழங்கவும் தம் அறத்தில் ஒரு பங்கை ஒதுக்குவார்களாக. பொருள் இல்லாதார் ஒரு நாள் உழைப்பை ஈவார்களாக. சிவன் சொத்துக் குலநாசம் என்று அஞ்சும் மக்கள், அவன் மரமும் அவன் சொத்தே என்று உணர்வாராயின் காடு வாழும். காட்டால் ஊரும் வாழும்.

திருச்சிற்றம்பலம்