கேஸ் மாத்திரையை நிறுத்தினா ஏன் எரியுது?

மயிலாப்பூர்ல இருந்து தி.நகர் வரைக்கும் எந்த மெடிக்கல் ஷாப்ல "கேஸ் மாத்திரை" கேட்டாலும் பெரும்பாலும் கைக்கு வர்றது பான்டோபிரசோல். பேர்லதான் கேஸ், இது குறைக்கிறது காத்தை இல்ல, அமிலத்தை. சில வீடுகள்ல வருஷக்கணக்கா ஓடும். நிறுத்தினா சில நாள்லயே நெஞ்சு எரியும். "பார்த்தியா, வியாதி போகல"ன்னு மறுபடி ஆரம்பிச்சிடுவாங்க.

2009-ல வந்த ஒரு டென்மார்க் ஆய்வு. வயித்துத் தொந்தரவே இல்லாத 120 பேர். பாதிப் பேருக்கு 8 வாரம் இதே வகை மாத்திரை, மீதிப் பேருக்கு டம்மி. நிறுத்தின பிறகு வந்த 4 வாரத்துல, மாத்திரை எடுத்தவங்கள்ல 44% பேருக்கு எரிச்சல், புளிச்ச ஏப்பம். டம்மி குழுவுல 15%. இவங்க நல்லா இருந்தவங்க!

காரணம் கேஸ்ட்ரின்ங்கிற ஹார்மோன். அமிலம் போதலைன்னா இது ஏறும். போதுமான அமிலம் வந்ததும் இறங்கும். மாத்திரை அமில பம்பை அடைச்சிடுது. அமிலம் வரலையேன்னு கேஸ்ட்ரின் ஏறிக்கிட்டே போகும். அமிலத்தைத் தூண்டுற செல்களும் பெருகும். பதில் வராத சர்வருக்கு மேல மேல ரெக்வெஸ்ட் குவியற மாதிரி. மாத்திரையை நிறுத்தினா பம்ப் சில நாள்ல திறந்துடும், பெருகின செல்கள் அடங்க வாரக்கணக்குல ஆகும். நடுவுல இருக்கிற நாட்கள்தான் எரியற நாட்கள்.

அதனால, லேப் ரிப்போர்ட்ல கேஸ்ட்ரின் எண்ணை மட்டும் பார்த்து பயப்படாதீங்க. வெறும் வயித்துல 100 பிகோகிராமுக்குள்ள இருக்கறது வழக்கம். அது 1000-ஐத் தாண்டினா ரெண்டு நேர் எதிரான வியாதியா இருக்கலாம்: கேஸ்ட்ரின் சுரக்கற கட்டி, அதுல அமிலம் கொட்டும், இல்ல பெர்னீஷியஸ் அனீமியா, அதுல அமிலமே இருக்காது. மாத்திரை சாப்பிடறதை டாக்டர்கிட்ட சொல்லலைன்னா இன்னும் குழப்பம்.

மாத்திரையைத் திட்டறேன்னு நினைக்காதீங்க. இது வராத காலத்துல, கன்னியாகுமரி பக்கம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில சாமர்வெல் டாக்டர் (1922, 1924 எவரெஸ்ட் பயணங்கள்ல போனவர்) குடல்புண்ணுக்காகவே ஏகப்பட்ட வயிறுகளைத் திறந்தார். ரத்தக்கசிவு வந்தவங்க, ஆஸ்பிரின் எடுக்கற பெரியவங்க பலருக்கு இன்னைக்கும் இது தேவை. தானா நிறுத்தக் கூடாது. மத்தவங்க "இது எனக்கு எதுக்கு, எத்தனை நாளைக்கு?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நிறுத்தலாம்னு சொன்னா, படிப்படியா குறைக்கறதைப் பத்தியும் கேளுங்க. முதல் சில வாரம் எரிஞ்சா அது கேஸ்ட்ரினோட வேலையாவும் இருக்கலாம்.